குளத்தைக் காப்பாற்றிய குட்டிப் பூச்சிகள்!

ஒரு குளம் செத்துப்போய்விட்டது. அதற்கு மறுபடியும் உயிர் கொடுக்க வேண்டும்.

ஆனால், மருந்து போடக் கூடாது. விஷம் தெளிக்கக் கூடாது. ஏனென்றால், அது பறவைகளும் விலங்குகளும் வாழும் சரணாலயம். பாசியைக் கொல்ல விஷம் போட்டால், மற்ற உயிர்களும் சேர்ந்து சாகும்.

பிறகு என்னதான் செய்வது?

விஞ்ஞானிகள் மூளையைக் கசக்கிக்கொண்டார்கள். சேற்றை அள்ளினார்கள். அணை போட்டார்கள். அப்படியும் முழு வெற்றி கிடைக்கவில்லை. கடைசியில் அந்தக் குளத்தைக் காப்பாற்றியவை, எள் அளவே உள்ள சின்னஞ்சிறு பூச்சிகள்!

கதைபோல இருக்கிறதா? கதை அல்ல. உண்மையாக நடந்தது.

அகன்ற ஆறு

இங்கிலாந்தின் கிழக்குக் கோடியில் நார்போக் என்று ஒரு ஜில்லா இருக்கிறது. அங்கே ஆறுகளை ஒட்டி 50-க்கு மேற்பட்ட குளங்கள் இருக்கின்றன. இவற்றை அந்த ஊர் ஜனங்கள் "பிராட்" என்று சொல்கிறார்கள். "பிராட்" என்றால் அகலமானது என்று பொருள். ஆறு அந்த இடத்தில் அகன்று கிடப்பதுபோல் தோன்றும். அதனால் இந்தப் பெயர்.

இந்தக் குளங்களில் ஒன்றுதான் காக்சூட் பிராட். பியூர் என்ற ஆற்றின் ஓரத்தில் இது இருக்கிறது. சுற்றிலும் நாணல் காடு. அதற்கு அப்பால் சதுப்பு நிலத்து மரங்கள். நார்போக்கில் 1926-ல் தொடங்கப்பட்ட ஓர் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இந்த இடத்தைச் சரணாலயமாக வைத்துக் காக்கிறது.

இந்தப் பகுதியில் ஓர் அழகான பட்டாம்பூச்சி உண்டு. அதன் சிறகில் வால் தொங்கும். மஞ்சளும் கறுப்புமாகப் பறக்கும். இங்கிலாந்து முழுவதிலும் இந்தச் சதுப்பு நிலத்தில்தான் அது முட்டையிட்டு, பெருகி வாழ்கிறது. நீர்நாய், மீன்கொத்தி, நாரை இனப் பறவைகள் எல்லாம் இங்கே உண்டு.

கையால் வெட்டிய குளம்

இந்தக் குளங்கள் எப்படி உண்டாயின? இயற்கையாக உண்டானவை என்றுதான் நெடுங்காலம் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

1950களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற பெண் விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். குளங்களிலும் கரைகளிலும் வரிசையாகத் துளையிட்டு, அடிமண்ணை எடுத்துப் பார்த்தார். அவருக்கு ஓர் அதிசயம் காத்திருந்தது. குளங்களின் ஓரம் சரிவாக இல்லை. சுவர்போலச் செங்குத்தாக இருந்தது! அடிப்பாகமோ சமதளமாக இருந்தது. இயற்கை இப்படிச் சதுரமாக வெட்டுமா? வெட்டாது. மனிதன்தான் வெட்டியிருக்க வேண்டும்.

ஆம்! சுமார் 700, 800 ஆண்டுகளுக்கு முன் அங்கே விறகுப் பஞ்சம் இருந்தது. அந்தச் சதுப்பு நிலத்தில், பாதி மக்கிய செடிகொடிகள் மண்போல இறுகிக் கிடந்தன. அதை வெட்டிக் காயவைத்தால் விறகுபோல எரியும். ஜனங்கள் அதை வெட்டி வெட்டி அடுப்பு எரித்தார்கள். பக்கத்து நகரமான நாரிச்சில் இருந்த மடத்துச் சமையலறைக்கும் அது போயிற்று. பிறகு கடல்மட்டம் உயர்ந்தது. வெள்ளம் வந்தது. 14-ம் நூற்றாண்டில் வெட்டிய பள்ளங்கள் எல்லாம் தண்ணீரில் மூழ்கின. அவைதான் இன்றையக் குளங்கள்!

மனிதன் வெட்டிய பள்ளத்தை இயற்கை எடுத்துக்கொண்டது. மீன் வந்தது. பறவை வந்தது. அல்லி பூத்தது. தண்ணீர் பளிங்குபோல் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் தரையில் உள்ள செடி தெரியும்.

பச்சை நிறம் வந்தது

இந்த அழகு 20-ம் நூற்றாண்டின் நடுவில் போய்விட்டது.

தண்ணீர் முதலில் மங்கலாயிற்று. பிறகு பச்சையாயிற்று. பட்டாணி வேகவைத்த தண்ணீர்போல ஆயிற்று. தரையில் வளர்ந்த செடிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. 1960களில் பல குளங்களில் ஒரு நீர்ச்செடிகூட மிச்சம் இல்லை.

செடி போனால் என்ன என்று கேட்கலாம். செடி போனால் எல்லாமே போயிற்று!

செடியைத் தின்னும் பறவைகள் பட்டினி கிடந்து, வேறு இடம் தேடிப் போய்விடும். செடியில் ஒட்டி வாழும் நத்தைகளுக்கும் புழுக்களுக்கும் வீடு இல்லாமல் போகும். அவற்றைத் தின்னும் மீன்களுக்கு உணவு குறையும். அடிச்சேற்றைப் பிடித்துக்கொள்ள வேர் இல்லாததால், காற்று அடித்தாலே சேறு கலங்கும். கரையில் உள்ள நாணலும் பெயர்ந்து விழும்.

காக்சூட் குளத்துக்கும் இந்தக் கதிதான் நேர்ந்தது. செத்த பாசி அடியில் படிந்து படிந்து சேறு மேடிட்டது. குளம் தூர்ந்துகொண்டே வந்தது. இன்னும் கொஞ்சக் காலம் போனால், அங்கே ஒரு குளம் இருந்தது என்று சொல்லத்தான் முடியும், பார்க்க முடியாது!

குற்றவாளி யார்?

யார் இதைச் செய்தது? பல பேர்மீது சந்தேகம் விழுந்தது.

முதல் சந்தேகம் காய்ப்பூ என்ற பெரிய எலிமீது! இது தென் அமெரிக்கப் பிராணி. அதன் ரோமத்துக்காக 1929-ல் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார்கள். கூண்டிலிருந்து தப்பிய சில எலிகள் சதுப்பு நிலத்தில் பெருகின. நாணலை வேரோடு தின்று தீர்த்தன. 1980களில் பொறி வைத்து, ஒன்றுவிடாமல் பிடித்து ஒழித்தார்கள். நாணல் அழிந்ததற்கு இந்த எலிகள் ஒரு காரணம்தான். ஆனால், தண்ணீரைப் பச்சையாக்கியது இவை அல்ல.

அடுத்த சந்தேகம் விசைப்படகுகள்மீது. உல்லாசப் பயணிகள் ஏராளமாக வந்து படகு ஓட்டினார்கள். படகு போனால் சேறு கலங்கும், கரை இடியும். ஆனால், படகே போகாத குளங்களிலும் தண்ணீர் பச்சையாகத்தான் இருந்தது.

பிரையன் மாஸ் என்ற விஞ்ஞானி 1970களில் நாரிச் சர்வகலாசாலைக்கு வந்தார். அவரும் அவருடைய மாணவர்களும் தண்ணீரைப் பரிசோதித்தார்கள். குளத்து அடிச்சேற்றை நீளக் குழாயில் எடுத்து, அடுக்கு அடுக்காக ஆராய்ந்தார்கள். சேறு என்பது குளத்தின் நாட்குறிப்பு. ஒவ்வொரு காலத்திலும் குளத்தில் என்ன வாழ்ந்தது என்பது அதில் பதிந்திருக்கும்.

முக்கியக் குற்றவாளி அகப்பட்டது. அதன் பெயர் பாஸ்பரஸ்!

பாசிக்கு விருந்து

பாஸ்பரஸ் என்பது ஒரு சத்து. வயலுக்குப் போடும் உரத்தில் இருக்கிறது. மனிதனுடைய மலஜலத்தில் இருக்கிறது. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு வந்த துணி சோப்புத் தூள்களிலும் அது ஏராளமாக இருந்தது.

ஊர்கள் பெரிதாயின. வீடுதோறும் கழிவு நீர்க் குழாய் வந்தது. கழிவு நீரைச் சுத்தம் செய்து ஆற்றில் விட்டார்கள். நாற்றம் போயிற்று, கிருமி குறைந்தது. ஆனால், பாஸ்பரஸ் மட்டும் அப்படியே ஆற்றுக்கு வந்தது. ஆற்றிலிருந்து குளத்துக்குப் போயிற்று. போதாததற்கு, வயல்களில் போட்ட உரமும் மழையில் கரைந்து வந்தது.

தண்ணீரில் மிதக்கும் பாசிக்கு இது பெரிய விருந்து! கண்ணுக்குத் தெரியாத பாசி, கோடி கோடியாகப் பெருகிற்று. தண்ணீர் பச்சையாயிற்று. சூரிய வெளிச்சம் அடிவரை போகவில்லை. வெளிச்சம் இல்லாமல் தரைச் செடிகள் செத்தன.

ஹிக்ளிங் என்ற குளத்தில் இன்னொரு வேடிக்கை. அங்கே கழிவு நீர் அதிகம் வரவில்லை. ஆனாலும் தண்ணீரில் சத்து மிகுந்திருந்தது. எங்கிருந்து வந்தது? வானத்திலிருந்து வந்தது! குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கான கடற்காக்கைகள் இரவு தங்குவதற்கு அந்தக் குளத்துக்கு வந்தன. பகலெல்லாம் வெளியே இரை தின்றுவிட்டு, இரவெல்லாம் குளத்தில் எச்சம் இட்டன. அந்த எச்சத்தில் இருந்தது பாஸ்பரஸ்!

அணை போட்டார்கள்

காரணம் தெரிந்துவிட்டது. இனிப் பரிகாரம் தேட வேண்டும்.

1978-ல் இந்தக் குளங்களைக் கவனிப்பதற்கு என்று தனி அதிகார சபை அமைக்கப்பட்டது. ஆன்ட் என்ற ஆற்றில், கழிவு நீர் நிலையத்திலேயே பாஸ்பரஸைப் பிரித்து எடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீரில் இரும்பு உப்பைக் கலந்தால், அது பாஸ்பரஸைப் பிடித்துக்கொண்டு அடியில் தங்கிவிடும்.

ஆனால், குளம் உடனே குணமாகவில்லை. ஏன்? அடிச்சேற்றில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த பாஸ்பரஸ் இருந்தது. மேலே வரவு நின்றதும், சேறு தன் சேமிப்பை மெல்ல மெல்ல வெளியே விட்டது! கடன்காரன் போன பிறகும் வட்டி போகாததுபோல ஆயிற்று.

காக்சூட் குளத்தில் வேறு வழியைக் கையாண்டார்கள். 1982-ல் குளத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் அணை போட்டார்கள். அழுக்குத் தண்ணீர் உள்ளே வருவது நின்றது. பிறகு இயந்திரம் வைத்து, அடிச்சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். பாஸ்பரஸ் சேமிப்பும் சேறோடு போயிற்று. குளம் ஆழமாயிற்று.

பலன் வேகமாகத் தெரிந்தது. தண்ணீர் தெளிந்தது. எத்தனையோ ஆண்டுகளாகக் காணாமல் போயிருந்த செடிகள் முளைத்தன. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள்.

அந்தச் சந்தோஷம் நீடிக்கவில்லை!

மறுபடியும் பச்சை

இரண்டு மூன்று ஆண்டுகள் போயின. தண்ணீர் மறுபடியும் மங்கலாயிற்று. செடிகள் குறைந்தன.

இது என்ன சோதனை? அணை உடையவில்லை. அழுக்கு வரவில்லை. சேறும் இல்லை. பிறகு ஏன் பாசி பெருகுகிறது?

அப்போதுதான் விஞ்ஞானிகளின் பார்வை மீன்கள்மீது திரும்பிற்று. குளத்தில் மீன் குஞ்சுகள் ஏராளமாகப் பெருகியிருந்தன. மீனுக்கும் பாசிக்கும் என்ன சம்பந்தம்? மீன் பாசியைத் தின்பதாக இருந்தால் பாசி குறையத்தானே வேண்டும்?

இங்கேதான் கதையின் கதாநாயகன் வருகிறான்!

தெள்ளுப் பூச்சி

டாப்னியா என்று ஓர் உயிர் உண்டு. தண்ணீரில் துள்ளித் துள்ளி நீந்தும். பார்ப்பதற்குத் தெள்ளுப் பூச்சிபோல இருக்கும். அதனால் "தண்ணீர்த் தெள்ளுப் பூச்சி" என்று பெயர். பேச்சுக்குத்தான் பூச்சி என்கிறோம். உண்மையில் இது இறால், நண்டு ஜாதியைச் சேர்ந்தது. பெரியது என்றால் ஓர் எள் அளவு இருக்கும். உடம்பு கண்ணாடிபோல் இருக்கும். பூதக் கண்ணாடியில் பார்த்தால், அதன் இருதயம் துடிப்பதுகூடத் தெரியும்!

இதன் உணவு என்ன தெரியுமா? பாசி! இந்தப் பூச்சி தன் கால்களால் தண்ணீரை அள்ளி அள்ளி வடிகட்டும். பாசியைத் தின்றுவிட்டுத் தண்ணீரை வெளியே விடும். ராப்பகலாக இதே வேலை. ஒரு பூச்சியால் வடிகட்ட முடிவது கொஞ்சம்தான். ஆனால், குளம் நிறையப் பூச்சிகள் இருந்தால், குளத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரே நாளில் வடிகட்டிவிட முடியும்! எந்த இயந்திரத்தால் இது ஆகும்?

பெருகுவதிலும் இது கெட்டிக்காரப் பூச்சி. நல்ல உணவு கிடைக்கும் காலத்தில், ஆண் துணை இல்லாமலே பெண் பூச்சி குஞ்சு பொரிக்கும். சில நாட்களில் அந்தக் குஞ்சும் தாயாகிவிடும்.

இவ்வளவு நல்ல வேலைக்காரனுக்கு ஒரு பெரிய எதிரி உண்டு. அதுதான் சின்ன மீன்!

மீன் கண்ணால் பார்த்து இரை பிடிக்கும். பெரிய பூச்சியாகப் பார்த்துப் பொறுக்கித் தின்னும். பெரிய பூச்சிதான் அதிகம் வடிகட்டும் பூச்சி. அது போனால் பாசியைத் தின்ன ஆள் இல்லை. பாசி கொண்டாட்டம் போடும்!

ஆக, மீன் பெருகினால் பூச்சி குறையும். பூச்சி குறைந்தால் பாசி பெருகும். பாசி பெருகினால் செடி சாகும். சங்கிலிபோல ஒன்றை ஒன்று இழுக்கிறது.

அல்லிக் காட்டின் ரகசியம்

ஆனால் ஒரு கேள்வி. பழைய காலத்திலும் மீன் இருந்ததே! அப்போது தண்ணீர் எப்படித் தெளிவாக இருந்தது?

அதற்கு விடை, ஹோவ்டன் என்ற இன்னொரு குளத்தின் பக்கத்தில் கிடைத்தது. ஹோவ்டன் பெரிய குளம். அதன் தண்ணீர் பச்சை. அதை ஒட்டி, அதனுடன் சேர்ந்தாற்போல் ஒரு சிறிய நீர்ப்பரப்பு இருந்தது. அதில் அல்லிச் செடிகள் அடர்ந்திருந்தன. இரண்டுக்கும் வருவது ஒரே ஆற்றுத் தண்ணீர். இரண்டிலும் மீன் உண்டு. ஆனால், அல்லிக் காட்டில் மட்டும் தண்ணீர் தெளிவாக இருந்தது!

பிரையன் மாஸும் அவருடைய சகா ஒருவரும் இதை ஆராய்ந்தார்கள். 1984-ல் முடிவை வெளியிட்டார்கள். ரகசியம் இதுதான்: பகல் நேரத்தில் தெள்ளுப் பூச்சிகள் அல்லி இலைகளுக்குள்ளும் தண்டுகளுக்குள்ளும் ஒளிந்துகொள்கின்றன. மீனின் கண்ணுக்கு அகப்படுவதில்லை. இருட்டியதும் வெளியே வந்து பாசியை மேய்கின்றன!

குழந்தைகள் ஒளிந்து விளையாடுவதுபோல இருக்கிறது அல்லவா? ஆனால் இது விளையாட்டு அல்ல, உயிர்ப் போராட்டம்.

செடி இருந்தால் பூச்சிக்கு ஒளிய இடம் உண்டு. பூச்சி இருந்தால் தண்ணீர் தெளியும். தண்ணீர் தெளிந்தால் செடிக்கு வெளிச்சம் கிடைக்கும். செடி பூச்சியைக் காப்பாற்றுகிறது. பூச்சி செடியைக் காப்பாற்றுகிறது.

இந்த நட்பு ஒருமுறை முறிந்தால் போதும். பிறகு குளம் தானாகச் சீர்ப்படாது. அதே தண்ணீர், அதே சத்து. ஆனால் ஒரு குளம் தெளிவாக இருக்கும், ஒரு குளம் பச்சையாக இருக்கும். பச்சைக் குளம் பச்சையாகவே இருக்கும். யாராவது பிடித்து மறுபக்கம் தள்ளினால்தான் மாறும்.

நட்பை முதலில் முறித்தது எது? இங்கேயும் சேறு ஒரு துப்புக் கொடுத்தது. யுத்தத்துக்குப் பின் வயல்களில் தெளித்த பூச்சி மருந்துகளின் மிச்சம் சேற்றில் இருந்தது. தெள்ளுப் பூச்சிகள் குறைந்த காலமும் அந்தக் காலமும் ஒத்துப்போயின. பயிர்ப் பூச்சிக்கு வைத்த விஷம், குளத்துப் பூச்சியையும் கொன்றிருக்கலாம் என்று விஞ்ஞானிகள் 1989-ல் எழுதினார்கள்.

மீன் பிடிக்கும் படலம்

இனி என்ன செய்வது என்பது தெளிவாகிவிட்டது. குளத்தை மறுபக்கம் தள்ள வேண்டும். அதற்கு மீனைக் கொஞ்சக் காலம் குளத்திலிருந்து அகற்ற வேண்டும்.

1989-ஐ ஒட்டி, குளிர்காலத்தில் வேலை தொடங்கிற்று. ஏன் குளிர்காலம்? குளிரில் மீன்கள் சுறுசுறுப்பு இல்லாமல் ஓரிடத்தில் கூட்டமாகக் கிடக்கும். பிடிப்பது சுலபம். வலை போட்டார்கள். தண்ணீரில் இலேசாக மின்சாரம் பாய்ச்சினார்கள். அதனால் மீன் சாகாது. மயங்கி மேலே வரும். அள்ளி அகற்றிவிடலாம்.

ஒரு தடவை பிடித்தால் போதாது. தப்பிய சில மீன்கள் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்கும். அதனால் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் இதைச் செய்ய வேண்டியிருந்தது. ஆற்றிலிருந்து புது மீன் வராதபடி அணை தடுத்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன் அழுக்கைத் தடுக்கப் போட்ட அணை, இப்போது மீனைத் தடுக்க உதவிற்று!

பலன்? தெள்ளுப் பூச்சிகள் திரள் திரளாகப் பெருகின. பாசியை மேய்ந்து தள்ளின. தண்ணீர் தெளிந்தது!

செடிகள் மட்டும் உடனே வரவில்லை. தண்ணீர் தெளிந்த பிறகும், அவை மெல்லத்தான் தலைகாட்டின. சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டியிருந்தது. பிறகு அல்லி வந்தது. பாசிக்கொடிகள் வந்தன. அவை வேரூன்றியதும், தெள்ளுப் பூச்சிக்குப் பழைய வீடு திரும்பக் கிடைத்தது.

மீனுக்கு விரோதமா?

"மீனைப் பிடித்து அகற்றுவது இயற்கைக்கு விரோதம் அல்லவா?" என்று சிலர் கேட்டார்கள். தூண்டில் போடுகிறவர்களுக்கு இந்த வேலை பிடிப்பதே இல்லை. அவர்களுடைய கோபத்திலும் நியாயம் இருக்கிறது. பல தலைமுறையாக அவர்கள் மீன் பிடித்த இடம் அது.

ஆனால், விஞ்ஞானிகள் மீனுக்கு விரோதிகள் அல்ல. பச்சைக் குளத்தில் பெரும்பாலும் ஓரிரு ஜாதி மீன்கள்தான் கும்பலாக இருக்கும். உணவு போதாமல் மெலிந்து கிடக்கும். செடி உள்ள குளத்தில் பல ஜாதி மீன்கள் வாழும். பைக் என்று ஒரு வேட்டை மீன் உண்டு. அது செடிகளுக்குள் பதுங்கியிருந்து, சின்ன மீனைப் பிடித்துத் தின்னும். செடி வந்தால் பைக் வரும். பைக் வந்தால் சின்ன மீன் அளவோடு இருக்கும். பிறகு மனிதன் வலை போட வேண்டியதில்லை. குளமே தன்னைப் பார்த்துக்கொள்ளும்.

குளிக்க முடியாத நீச்சல் குளம்

இதே முறையை ஹாலந்து தேசத்திலும் செய்து பார்த்தார்கள். அங்கே ஊட்ரெக்ட் பகுதியில் ஒரு சிறிய குளம். அதன் பெயர் ஸ்வெம்லுஸ்ட். அதற்கு "நீச்சல் இன்பம்" என்று அர்த்தம். ஆனால், தண்ணீர் பச்சையாகி, ஓர் அடி ஆழம்கூடத் தெரியாமல் போய்விட்டது. ஒரு குழந்தை மூழ்கினால் கண்டுபிடிக்க முடியாது. அங்கே எப்படி நீந்துவது?

1987-ல் குளத்து நீரை இறைத்தார்கள். மீன்களை அகற்றினார்கள். புதுத் தண்ணீர் நிறைந்ததும், அல்லி நட்டார்கள். பைக் குஞ்சுகளை விட்டார்கள். குளம் தெளிந்தது!

சில ஆண்டுகள் நன்றாக இருந்தது. செடிகள் மண்டி வளர்ந்தன. செடியைப் பார்த்ததும் பறவைகள் வந்தன. வந்தவை செடியைத் தின்றன! செடி குறைந்ததும் பாசி மறுபடியும் எட்டிப் பார்த்தது. கழிவுச் சத்து அந்தக் குளத்துக்கு வந்துகொண்டே இருந்ததுதான் இதற்கு அடிப்படைக் காரணம்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைத்தது. பூச்சி எவ்வளவுதான் வேலை செய்தாலும், மனிதன் அழுக்கை விடுவதை நிறுத்தாவிட்டால் வெற்றி நிலைக்காது. ஒரு பக்கம் பெருக்கிக்கொண்டே மறுபக்கம் குப்பை கொட்டினால், வீடு சுத்தமாகுமா?

பெரிய குளத்தில் பெரிய வேலை

காக்சூட் சிறிய குளம். அங்கே கற்ற பாடம் பெரிய குளங்களுக்குப் பயன்பட்டது.

பார்ட்டன் பிராட் அந்தப் பகுதியின் பெரிய குளங்களில் ஒன்று. அங்கே கழிவு நீரிலிருந்து பாஸ்பரஸைப் பிரிப்பது முன்பே தொடங்கிவிட்டது. 1990களின் நடுவிலிருந்து 2001 வரை அடிச்சேற்றை உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்த சேறு சுமார் 3 லட்சம் கன மீட்டர்! அதைப் பக்கத்து வயல்களில் பாத்தி கட்டித் தேக்கிக் காயவைத்தார்கள். காய்ந்த பிறகு அந்த நிலத்தில் பயிர் செய்தார்கள். குளத்துக்கு விஷமாக இருந்த சத்து, வயலுக்கு உரமாயிற்று!

பார்ட்டன் குளத்தில் ஆறு புகுந்து வெளியே போகிறது. படகுப் போக்குவரத்தும் உண்டு. அணை போட முடியாது. அதனால் குளத்தின் சில மூலைகளை மட்டும் தடுப்புக் கட்டி மறைத்தார்கள். தடுப்புக்குள் இருந்த மீன்களை அகற்றினார்கள். உள்ளே தெள்ளுப் பூச்சிகள் பெருகின. தண்ணீர் தெளிந்தது. தடுப்புக்கு வெளியே மங்கல் தண்ணீர். உள்ளே தெளிந்த தண்ணீர்! பார்த்தவர்களுக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வைத்தியம் என்ன?

நோயாளிக்கு வைத்தியம் செய்வதுபோலத்தான் குளத்துக்கும் வைத்தியம் செய்ய வேண்டும் என்று இந்த அனுபவம் காட்டிற்று. முறை தவறினால் பலன் இல்லை.

முதலில், அழுக்கு வரும் வழியை அடைக்க வேண்டும். இது பத்தியம். பத்தியம் இல்லாமல் மருந்து வேலை செய்யாது.

இரண்டாவது, பழைய சேறு அதிகம் இருந்தால் எடுக்க வேண்டும். இது வயிற்றைச் சுத்தம் செய்வது.

மூன்றாவது, சின்ன மீன்களைக் குறைத்து, தெள்ளுப் பூச்சிக்கு இடம் கொடுக்க வேண்டும். இதுதான் மருந்து.

நாலாவது, செடி வேரூன்றும் வரை காவல் இருக்க வேண்டும். இளஞ்செடிகளைப் பறவை தின்னாமல் வலைக்கூண்டு போட்டும் காப்பது உண்டு. இது நோய் தீர்ந்தபின் உடம்பு தேறும் காலம்.

ஐந்தாவது, பொறுமை. கெடுவதற்கு 30, 40 ஆண்டுகள் ஆயின. ஒரே நாளில் குணமாகுமா?

பலகைப் பாதை

காக்சூட் குளத்துக்குள் விசைப்படகு போக முடியாது. பார்க்க விரும்புகிறவர்கள் நடந்துதான் போக வேண்டும். நாணல் காட்டுக்கு ஊடே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பாதையின் கோடியில் ஒரு குடிசை. அதற்குள் சத்தம் போடாமல் உட்கார்ந்து, ஜன்னல் வழியாகக் குளத்தைப் பார்க்கலாம்.

அங்கே உட்காருகிறவர்களுக்குப் பறவை தெரியும். அல்லிப் பூ தெரியும். கோடையில் மஞ்சள் பட்டாம்பூச்சியும் தெரியலாம்.

ஆனால், அந்தக் குளத்தைத் தெளியவைத்த தெள்ளுப் பூச்சி மட்டும் கண்ணில் படாது. அது பகலில் அல்லி இலைக்கு அடியில் ஒளிந்திருக்கும். எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, இருட்டியதும் வேலைக்குக் கிளம்பும்!